மார்புவரை எடுத்த படங்கள்

நகர மன்றச் சுவரில்
நாற்பத்தொரு படங்கள் மாட்டியிருக்கிறார்கள்.
எல்லாம் மார்புவரை எடுத்தவை.
எனக்கு எப்படி அடையாளம் தெரியும்?

முப்பத்திரண்டு வருஷம்
இந்த ஊரின் கால்களை மடியில் ஏந்தியவள் நான்.
ஜூலை மாதச் சனிக்கிழமைகளில்
உடைமாற்றும் அறையின் மரப் பெஞ்சருகே
யூகலிப்டஸ் தைல நெடியில்
குனிந்தே இருந்துவிட்டேன்.
முகங்களோடு அவ்வளவு பழக்கமில்லை.

மேயர் பெயர்களை வாசிக்கிறார்.

பெவன் ஓல்பிரிக், மிதிவண்டி.
மூன்று கண்டங்களில் பந்தயம் ஓட்டியவனாம்.
என்னைக் கேட்டால்
இடது தொடையில் ஒரு முடிச்சு,
நெல்லிக்காய் அளவு.
கட்டைவிரலால் அழுத்தினால்
கோதுமை விலையைப் பேச ஆரம்பித்துவிடுவான்.
வலிக்கிறது என்று மட்டும் சொல்லமாட்டான்.

மார்லின் க்ளெம்கே, ஹாக்கி கோல்கீப்பர்.
முத்துமாலை போட்டுச் சிரிக்கிற இந்த அம்மாளா?
நானறிந்த மார்லினுக்கு
வலது சுண்டுவிரலில் நகம் கிடையாது.
அது விழுந்த அன்று
அறை முழுக்கத் தேடினோம்.
காலுறைக்குள் கிடந்தது.
"நீயே வைத்துக்கொள், கிளெனிஸ்" என்றாள்.

டினோ ஸனாட்டா, சக்கர நாற்காலிப் பந்தயம்.
இவன் ஒருவனிடம்தான் கைகளைப் படித்தேன்.
கை குலுக்கினால் உப்புத்தாள்.
கையுறையைக் கழற்றும்போது
தோலும் கூட வரும்.
அப்போதும் கடிகாரத்தைத்தான் பார்ப்பான்.

ஊனா ப்ரௌஸ், புல்தரைப் பந்துருட்டல்,
எழுபத்தொரு வயதில் தங்கம்.
இதிலெல்லாம் என்ன காயம் வரும் என்று சிரிப்பவர்களுக்கு
அவள் இடுப்பைத்
தொட்டுக் காட்டவேண்டும்.

குத்துச்சண்டைக்காரன் கிளாரியை மட்டும்
பெயர் சொல்லும் முன்பே கண்டுகொண்டேன்,
இரண்டு இடத்தில் திரும்பிய அந்த மூக்கால்.
மூக்கு என் துறையில்லை.
ஆனால் அவன் கணுக்கால்கள்!
அரங்கில் ஆடுகிற பெண்கள் பார்த்தால்
பொறாமைப்படுவார்கள்.

எங்கள் ஊரில் கால்பந்து இரண்டு வகை.
ஒரே தெருவில், ஒரே வீட்டில்கூட இரண்டு கட்சி.
கல்யாணங்கள் நின்றுபோயிருக்கின்றன.
என் கட்டிலில் குப்புறப் படுத்துவிட்டால்
இரு கட்சிக்கும் பின்தொடை ஒன்றேதான்,
முனகலும்.

பத்திரிகைக்காரர்கள் வந்து கேட்பார்கள்,
ஒரே ஊரில் எப்படி இத்தனை பேர் என்று.
ஆற்றுத் தண்ணீர் என்பார் ஒருவர்.
பண்ணைப் பால், சமதரை, எதிர்க்காற்று.
நான் சலிப்பின் கட்சி.
மூன்றரை மணிக்குப் பள்ளி விடும்.
நாலு மணிக்கு
முரம்பிட்ஜியைத் தவிர
நகர்வது எதுவும் இங்கே இல்லை.
பிள்ளைகள் எதையாவது எறிவார்கள்,
எதையாவது துரத்துவார்கள்.

இருபத்தாறாவது பெயர்.
யாரோ நீச்சல்காரன்.
தோள்கள் சட்டத்துக்கு வெளியே போய்விட்டன.

ரேலீன் ஹெஃபர்னன் சுவரில் இல்லை.
உயரம் தாண்டுபவள்.
பதினேழு வயதில் ஒன்று எண்பத்தாறு.
தேசியத் தேர்வுக்குப் பதினோரு நாள் இருந்தது.
ஈர விறகு முறிகிற சத்தம்;
மைதானத்தின் மறுகோடியில்
ஆரஞ்சு நறுக்கிக்கொண்டிருந்த எனக்கே கேட்டது.
ஓடிப்போய்
அவள் முழங்காலை இரு கையாலும் பிடித்துக்கொண்டேன்,
சிந்திவிடும் எதையோ பிடிப்பதுபோல.
அவள் அழவில்லை.
குச்சி விழுந்ததா என்று கேட்டாள்.
விழவில்லை.

இப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.
அந்த முழங்கால்
மழையை முன்கூட்டியே சொல்லும்.
வானிலை நிலையம் இரண்டுமுறை தவறிய வருஷத்தில்
அது தவறவில்லை.
விதைப்புக்கு முன்
அவளுக்குத் தொலைபேசி செய்கிற விவசாயிகளை
பெயர் சொல்லி எனக்குத் தெரியும்.
அவர்களில் ஒருவன் சுவரில் இருக்கிறான்.

மூன்று வருஷமாகத் தூறல்கூட இல்லை.
ஜன்னலுக்கு வெளியே
துடைத்துவைத்த தட்டுபோல வானம்.
திரும்பிப் பார்த்தேன்.
கடைசி வரிசையில், பேருந்துச் சீருடையில்,
மேயரைக் கவனித்தபடியே
வலது முழங்காலை
மெல்லப் பிசைந்துகொண்டிருந்தாள் ரேலீன்.

மேயர் இருபத்தேழாவது பெயருக்கு வந்திருந்தார்.
நான் எழுந்து,
மன்னிக்கவும் மன்னிக்கவும் என்று
பிரபலமான முழங்கால்களைக் கடந்து
வெளியே போய்
காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வந்தேன்.